மாற்றிக்கொண்ட பாடு

குருநகர் இறங்குதுறையில் வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்களுக்குள் மார்கிரட்டின் கைக்கு ஒரு பெயர் உண்டு. அவள் கழற்றிய நண்டுக்குக் கால் முறியாது. கால் முறிந்த நண்டைக் கொம்பனிக்காரன் எடுக்கமாட்டான், அது வீட்டுக் குழம்புக்குத்தான் போகும். ஆனி மாதத்து அந்தக் காலையில் அவள் கையால் மூன்று நண்டு அடுத்தடுத்துக் கால் முறிந்து விழுந்ததைக் கண்டு, பக்கத்தில் குந்தியிருந்த அருமைநாயகி தன் வலையைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னடி மார்கிரட், இண்டைக்கு உன்ரை வீட்டிலை நண்டுக் குழம்போ?"

"சும்மா இரு அக்கா. கை நடுங்குது."

"கை ஏன் நடுங்குது? காய்ச்சலோ?"

"காய்ச்சல் எண்டால் குளிசையைப் போட்டிட்டுப் படுப்பன். பிள்ளைக்குச் சீட்டிலை ஓட்டம் விழுந்திட்டுது."

சோளகக் காற்று ஊரின் புழுதியையும் கருவாட்டு மணத்தையும் அள்ளிக்கொண்டு வந்து இருவர் முகத்திலும் அடித்தது. மார்கிரட் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்தது புழுதியை மட்டுமல்ல என்பது அருமைநாயகிக்குத் தெரியும்.

மார்கிரட்டின் ஒரே மகள் ஜெசிதா. வயது இருபத்துமூன்று, நிறை தொண்ணூற்றிநான்கு கிலோ. சின்ன வயதில் கொழுகொழுவென்று இருந்தவளைத் தூக்கி வைத்துக் கொஞ்சிய அதே ஊர்தான், இருபது தாண்டியதும் அவள் ஒழுங்கையால் போகும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஊருக்கென்ன, நாக்குக்கு எலும்பில்லை. அவள் ஒழுங்கையால் போவதை விட்டுவிட்டாள். வீட்டுக்குள்ளே தையல் மெஷினும் அவளுமாக இருந்தாள். போன மாசி மாதம் தலையிடி என்று கிளினிக்குக் கூட்டிப்போன இடத்தில், இந்த வயதில் இந்தப் பிறஷர் கூடாது, இரத்தத்தில் சீனியும் எல்லையில் நிற்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அங்கேயிருந்துதான் இந்த உடற்பயிற்சி ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்தார்கள். நாற்பது பெண்கள், எல்லோரும் முப்பதுக்கு உட்பட்டவர்கள், எல்லோரும் ஜெசிதா மாதிரி உடம்புக்காரர்கள். பாதிப்பேர் ஐம்பது நிமிடம் ஒரே சீராக நடக்கவேண்டும். மற்றப் பாதிப்பேர் ஒரு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடவேண்டும், ஒரு நிமிடம் ஆறுதலாக நடக்கவேண்டும், பிறகு திரும்ப ஓட்டம். அப்படிப் பத்துத் தரம். யார் ஓடுவது, யார் நடப்பது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள்.

"ஓடினால் என்ன? இளம்பிள்ளைதானே," என்றாள் அருமைநாயகி.

"அவரும் ஓடித்தானே அக்கா..."

மார்கிரட்டின் புருசன் கிறகோரி செத்த அன்று அருமைநாயகியும் அதே இறங்குதுறையில் இருந்தவள். எட்டு வருடம் ஆகிவிட்டது. கட்டு அவிழ்ந்த வள்ளத்தைக் காற்று இழுத்துக்கொண்டு போக, அதைப் பிடிக்கவென்று அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதன், அணைக்கல்லின் நுனியில் நின்று திரும்பிப் பார்த்தான். மார்கிரட்டைத்தான் பார்த்தான். பிறகு முழங்காலில் இருந்தான், பிறகு விழுந்தான். வயது நாற்பத்தாறு. வள்ளம் தானாகவே நூறு பாகம் தூரம் போய்ச் சேற்றில் ஏறி நின்றது. யாரும் ஓடியிருக்கத் தேவையில்லை.

தகப்பனின் உடம்புவாகுதான் மகளுக்கு. அந்த அகன்ற தோள், அந்தக் கழுத்து, படி ஏறினால் அப்படியே வரும் அந்த மூச்சு. மார்கிரட் அதைக் கேட்டுக்கொண்டுதான் எட்டு வருடமாக நித்திரை கொண்டாள்.

"ஓட்டம் பிடிக்காட்டில் மாத்துறதுதானே?" என்றாள் அருமைநாயகி, கீழே போட்ட வலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு. "எங்கடை பாட்டை நாங்கள் மாத்திறேல்லையோ?"

அவள் சொன்னது அவர்களுடைய ஊர்வழக்கம். கடல்நீரேரியில் தடி நட்டு வலை கட்டுவதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இடம், அதற்குப் பாடு என்று பெயர். எந்தப் பாடு யாருக்கு என்பதை மீனவர் சங்கத்தில் திருவுளச்சீட்டுப் போட்டு எடுப்பார்கள். விழுந்த பாடு தோதுப்படாவிட்டால் இன்னொரு வீட்டோடு கதைத்து மாற்றிக்கொள்ளலாம். இரண்டு வீடும் மனம் ஒத்தால் போதும், சங்கம் கேள்வி கேட்காது. கிறகோரியின் தகப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான்.

மார்கிரட்டின் கை நடுக்கம் அந்த நிமிடமே நின்றது. அடுத்த நண்டு முழுசாகக் கழன்று வந்தது.

வீட்டில் ஜெசிதா சம்மதிக்கவில்லை.

"எனக்கு ஓட்டம்தான் அம்மா விருப்பம். இருபது நிமிசத்திலை முடிஞ்சிடும். ஐம்பது நிமிசம் சனம் பாக்கப் பாக்க ஆர் சுத்திச் சுத்தி நடக்கிறது?"

"சனம் பாத்தால் பாக்கட்டும். நடந்து செத்தவன் ஒருத்தனும் இல்லை."

"ஓடினாலும் சாகமாட்டன். நெஞ்சுக்கு வயர் பூட்டிப் பாத்தவையெல்லே. நல்லா இருக்கெண்டு சொன்னவை."

"கொப்பருக்கும் நல்லாத்தான் இருந்தது. காலமை ரண்டு நீத்துப்பெட்டி புட்டுச் சாப்பிட்டிட்டுத்தான் போனவர்."

"அப்பாவுக்கு ஆர் வயர் பூட்டிப் பாத்தது?"

மார்கிரட் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்தநாளும் சாப்பிடவில்லை. மாலையில் செபமாலை சொல்லும்போது மட்டும் வாய் திறந்தாள். அதிலும் அவளுக்கு ஒரு முறை இருந்தது. மங்கள வார்த்தை செபத்தின் முதற்பாதியை அவள் சொல்வாள், மறுமொழிப் பாதியை மகள் சொல்வாள். வட்டாரச் செபத்திலும் மார்கிரட்தான் முன்னுக்கு நின்று சொல்வாள். நல்ல பக்தி என்று ஊர் நினைத்தது. உண்மை என்னவென்றால், அந்த மறுபாதியின் முடிவில் வரும் மரண நேரம் என்ற வார்த்தையைக் கிறகோரியை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் வாயால் சொன்னதில்லை. முன்னுக்கு நிற்பவளுக்கு அது வராது.

மூன்றாம் நாள் ஜெசிதா கையை உயர்த்திவிட்டாள்.

"சரி, மாத்துங்கோ. சாப்பிடுங்கோ முதல்."

மாற்றுவதற்கு ஆள் தேடி அலையவேண்டி இருக்கவில்லை. அளவெட்டியிலிருந்து வரும் சுபாஜினி என்ற பெண்ணைச் சீட்டெடுத்த அன்றே மார்கிரட் பார்த்திருந்தாள். இருபத்தாறு வயது, யாழ்ப்பாணப் பட்டினத்தில் புடவைக்கடையொன்றில் வேலை. நடைச் சீட்டை எடுத்துவிட்டு, ஐயோ ஐம்பது நிமிசமோ என்று தலையில் கை வைத்தவள் அவள். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அவளைப் பிடித்தாள் மார்கிரட்.

"பிள்ளை, உமக்கு நடை தோதுப்படாதெண்டு அண்டைக்குச் சொன்னீர்."

"எங்கை அன்ரி தோதுப்படுறது? எட்டரைக்குக் கடை திறக்கவேணும். ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினால் எட்டு. பிறகு குளிச்சு உடுப்பு மாத்திப் போய்ச் சேர முதலாளி வாசல்லை நிப்பார். போன மாசமே ரண்டு நாள் பேச்சு வாங்கினனான்."

"என்ரை மகளுக்கு ஓட்டம் விழுந்திருக்கு. இருபது நிமிசம். நீர் அதை எடும், அவள் உம்மடையை எடுக்கட்டும்."

சுபாஜினி தேத்தண்ணியை ஊதுவதை நிறுத்தினாள். "அப்பிடி மாத்தலாமோ? டொக்டர் ஒண்டும் சொல்லமாட்டாவோ?"

"சீட்டெண்டால் மாத்துறதுதானே. ரண்டு பக்கமும் சம்மதமெண்டால் ஆருக்கென்ன? எங்கடை கடலிலை காலங்காலமா நடக்கிறது."

"ஏன் அன்ரி, உங்கடை மகள் ஓடமாட்டாவோ?"

"தேப்பன் ஓடித்தான் செத்தவர்," என்றாள் மார்கிரட். சொன்னபிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, அவசரமாக, "உமக்கு அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே பிள்ளை? நெஞ்சுக்கிஞ்சு?" என்று கேட்டாள்.

"நெஞ்சு நல்லம் அன்ரி. சீனிக்குத்தான் குளிசை போடுறன், ரண்டு வருசமா. அம்மாவுக்கும் இருக்கு, அம்மம்மாவுக்கும் இருந்தது. எங்கடை வீட்டுச் சொத்து அதுதான்," என்று சிரித்தாள். சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழுந்தது. "சரி அன்ரி. எனக்கும் நேரம் மிச்சம்."

ஆராய்ச்சிக்காக ஒவ்வொருவருக்கும் கொடுத்த, உடம்பு விபரம் எழுதிய அட்டைகளில் பெயர் இல்லை, இலக்கம்தான் இருந்தது. ஜெசிதாவின் பதினேழு சுபாஜினியின் கைக்குப் போனது, சுபாஜினியின் முப்பத்தொன்று ஜெசிதாவின் கைக்கு வந்தது. முதல்நாள் உயரமும் நிறையும் பார்த்த தாதி மிஸ்ஸி வேறு ஆள். மைதானத்துக்கு வந்த டிலக்ஷி மிஸ்ஸி புதிதாக வேலைக்கு வந்த சின்னப்பெண், முகம் தெரியாது, இலக்கத்தைத்தான் கூப்பிட்டாள். முப்பத்தொன்றாம் அட்டையின் மேல் மூலையில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்திருந்தது. அது என்ன கோடு என்று தாயும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை.

செவ்வாய், வியாழன், சனி. கடற்கரையோரத்து மைதானத்தில் காலை ஏழு மணிக்கு விசில் ஊதும். மார்கிரட் நண்டு வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்து மதிலோரத்து வாகை மரத்தின் கீழ் நிற்பாள். நடக்கிறவர்கள் வெளி வட்டத்தில் நடப்பார்கள். ஓடுகிறவர்கள் நடுவில் ஓடுவார்கள். ஜெசிதா வியர்த்து ஒழுக நடந்து போவதைப் பார்க்கையில் தாய்க்கு நெஞ்சு குளிரும். தன் பிள்ளை நடக்கிறாள், மூச்சு இருக்கிறது, கதைக்கிறாள்கூட. ஆனால் நடுவில் விசில் ஊதும் ஒவ்வொரு தரமும் சுபாஜினி கைகளை வீசி ஓடுவாள், அந்தக் கன்னம் சிவக்கும், நின்றதும் முழங்காலில் கை வைத்துக் குனிவாள். அப்போது மார்கிரட் கண்ணை எடுத்துவிடுவாள். முழங்காலில் இருந்து விழுந்த இன்னொரு உடம்பு அவள் கண்ணுக்குள் இருந்தது.

முதலில் அது வெறும் சங்கடம். போகப்போகப் பயமாகிவிட்டது. என் பிள்ளையின் தலைக்கு வந்ததைத் தூக்கி இன்னொருத்தியின் பிள்ளை தலையில் வைத்துவிட்டேனோ என்ற பயம். இரவிலே படுத்தால் அளவெட்டியில் முகம் தெரியாத ஒரு தாய் வந்து வாசலில் நின்றாள். மார்கிரட் செபமாலையில் சுபாஜினிக்காகவும் பத்து மணி கூட்டினாள். வேதக்காரரின் செபம் சைவக்காரப் பிள்ளைக்குப் பலிக்குமா என்று அவளுக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் சொன்னாள்.

ஒரு விசயம் மட்டும் அவளுக்குச் சந்தோசம் தந்தது. விசில் ஊத முன்னம் டிலக்ஷி மிஸ்ஸி ஜெசிதாவிடம் வந்து கேட்பாள்.

"முப்பத்தொண்டு, சாப்பிட்டாச்சோ?"

"ஓம் மிஸ்ஸி. பாணும் சம்பலும்."

"வடிவாச் சாப்பிட்டிட்டுத்தான் வரவேணும் என்ன? இந்தாங்கோ, ரண்டு பிஸ்கற்றை இடுப்பிலை வைச்சிருங்கோ."

"பாத்தியே, உன்னிலை எவ்வளவு பட்சம்," என்று வீட்டுக்குப் போகும்போது மார்கிரட் சொல்வாள். "மற்றப் பிள்ளையளை அவ கேக்கிறேல்லை."

"மெலிய வந்த இடத்திலை பிஸ்கற் தந்தால் நான் எப்பிடி மெலியிறது?" என்று ஜெசிதா அதையும் கடித்துக்கொண்டே சொல்வாள்.

மூன்றாவது வாரச் செவ்வாய்க்கிழமை சுபாஜினி தலையில் முழுகிய ஈரத்தோடு வந்தாள். நெற்றி நிறைய விபூதி. ஊரில் யாகப்பர் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறி, ஒழுங்கை முழுக்கக் கடதாசிக் கொடி படபடத்த நாட்கள். சோளகம் அன்று வழக்கத்தைவிடப் பேயாக அடித்தது.

"என்ன பிள்ளை, கலியாண வீடோ?"

"இண்டைக்கு ஆடிச்செவ்வாய் அன்ரி. தேடிக் குளிக்கவேணுமெண்டு சொல்லுறவை. நல்ல மாப்பிள்ளை கிடைக்க வேண்டாமோ?" கன்னக்குழி விழுந்தது. "மத்தியானம்தான் சாப்பாடு. தண்ணியும் பல்லிலை படேல்லை. குளிசையை மட்டும் விழுங்கினனான்."

"விரதத்திலை ஓடப்போறீரோ?"

"இருபது நிமிசம்தானே."

டிலக்ஷி மிஸ்ஸி வந்தாள். "முப்பத்தொண்டு, சாப்பிட்டாச்சோ?" என்று ஜெசிதாவைக் கேட்டாள். ஜெசிதா ஓம் என்றாள். பிஸ்கற் கை மாறியது. சுபாஜினி பக்கத்தில்தான் நின்றாள், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. விசில் ஊதியது.

நாலு ஓட்டம் ஒழுங்காகப் போனது. ஐந்தாவதில் சுபாஜினியின் கால் சற்றுப் பக்கவாட்டில் போனதை மார்கிரட் கண்டாள். காற்றுத் தள்ளுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆறாவதில் விசில் ஊத முன்னமே அவள் நின்றாள். நின்று திரும்பி மதில்பக்கம் பார்த்தாள்.

அந்தப் பார்வையை மார்கிரட்டுக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னம் அணைக்கல்லின் நுனியிலிருந்து பார்த்த பார்வை.

சுபாஜினி முழங்காலில் இருந்தாள். பிறகு விழுந்தாள்.

மார்கிரட் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பு மரத்தடியில் கிடந்தது. ஐம்பது வயதில் அந்த மைதானத்தின் பாதியை அவள் ஓடிக் கடந்தாள். போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் முகத்தில் வியர்வை எண்ணெய் போல வழிந்தது, உதடு நடுங்கியது, கண் திறந்திருந்தும் ஆளைப் பார்க்கவில்லை. டிலக்ஷி மிஸ்ஸி பதினேழாம் அட்டையைப் புரட்டினாள்.

"நெஞ்சாத்தான் இருக்கும்," என்றாள் யாரிடமோ. "பிறஷர் எண்டுதான் எழுதிக் கிடக்கு. வேறை ஒரு வருத்தமும் இல்லை, ஒரு குளிசையும் இல்லை. அம்புலன்ஸுக்கு அடியுங்கோ! ஒருத்தரும் வாயிலை ஒண்டும் குடுக்கவேண்டாம்! விலகுங்கோ, காத்து வரட்டும்!"

ஒரு குளிசையும் இல்லை. மார்கிரட் அந்தச் சொல்லில் நின்றாள். அது ஜெசிதாவின் அட்டை. அதில் இருப்பது ஜெசிதாவின் உடம்பு. குளிசை போடுகிற உடம்பு மற்ற அட்டையில் இருக்கிறது, சிவப்புக் கோட்டோடு. மூன்று வாரமாகச் சாப்பிட்டாச்சோ, சாப்பிட்டாச்சோ என்று கேட்ட கேள்வி இந்தப் பிள்ளைக்கு உரியது. பட்சமென்று நினைத்துத் தன் மகள் தின்ற பிஸ்கற் இந்தப் பிள்ளைக்கு உரியது.

சொன்னால் சீட்டு மாற்றியது வெளிப்படும். ஜெசிதாவுக்குத் திரும்ப ஓட்டம் வரும். பொலிசுக்குக் கொடுப்பார்களோ என்னவோ. இவ்வளவும் அவள் தலைக்குள் ஓடியது, ஒரு மூச்சு இழுக்கும் நேரந்தான். இப்படி விழுந்த உடம்பு என்ன ஆகுமென்று அவள் ஒருமுறை பார்த்தவள்.

"மிஸ்ஸி, அது அவளின்ரை அட்டை இல்லை! என்ரை மகளின்ரை! நான்தான் மாத்தினனான்!"

"என்னம்மா சொல்லுறியள்?"

"இவதான் முப்பத்தொண்டு! சீனிக்குக் குளிசை போடுற பிள்ளை. இண்டைக்கு விரதம், பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை, குளிசை போட்டிருக்கிறா. சீனியைப் பாருங்கோ மிஸ்ஸி, உங்களைக் கும்பிட்டன், சீனியைப் பாருங்கோ!"

டிலக்ஷி மிஸ்ஸி அரைக்கணம் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து சுபாஜினியின் விரலில் குத்தினாள். சின்ன மெஷினில் இலக்கம் வந்தது. நாற்பத்தொன்று, எழுபதுக்குக் கீழே போகக்கூடாத இடத்தில்.

"குளுக்கோஸ்! அந்தப் பையிலை!"

கண்ணைத் திறந்து விழுங்கக்கூடிய நிலையில் அவள் இருந்தது கடவுள் செயல். கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார்கள். தலையை மடியில் வைத்திருந்தவள் மார்கிரட். அந்த ஈரத் தலையின் மஞ்சளும் சீயாக்காயும் மணக்க மணக்க, கண்ணுக்குள் ஆள் திரும்பி வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் எடுத்தது. அவள் வாழ்க்கையில் அதைவிட நீளமான பத்து நிமிடம் இல்லை.

"அன்ரி," என்றாள் சுபாஜினி. "கடைக்கு நேரம் போட்டுதோ?"

மார்கிரட் அப்போதுதான் அழுதாள். மைதானம் முழுக்கக் கேட்க அழுதாள்.

ஆராய்ச்சியை நடத்திய பெரிய டொக்டர் மெலிந்த, அமைதியான பெண். அடுத்தநாள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் மார்கிரட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அம்மா, ஏன் மாத்தினனீங்கள்?"

"எங்கடை கடலிலை பாடு மாத்துறது வழக்கம் டொக்டர். இதுவும் அப்பிடித்தான் எண்டு..."

"உங்கடை பாடு கடலிலை இருக்கிற இடம். ஆர் வலை கட்டினாலும் அது அந்த இடம்தான். இது உடம்பெல்லே அம்மா? ஓட்டத்தை மட்டும் நீங்கள் மாத்தேல்லை, ஆளையே மாத்திப்போட்டியள்."

மார்கிரட் தலையைக் குனிந்தாள். சுபாஜினி, "நானும்தான் டொக்டர், எனக்கும் புத்தி இல்லை," என்றாள்.

"ரண்டு பேரின்ரை இலக்கத்தையும் நான் எடுக்கிறன். எங்கடை ஆராய்ச்சியிலை இனி நீங்கள் இல்லை. நீங்கள் கிளினிக்குக்கு வரலாம், மருந்து எடுக்கலாம், அது வேறை." அவர் சுபாஜினியிடம் திரும்பினார். "நீங்கள் விரதம் பிடிக்கிறதெண்டால் முதல் என்னட்டைக் கேக்கவேணும். சுவாமி கோவிக்கமாட்டார்."

"அப்ப நான் ஓடலாமோ டொக்டர்?" என்று கேட்டாள் ஜெசிதா.

"பிள்ளை!" என்றாள் மார்கிரட்.

டொக்டர் பழைய தாள்களை எடுத்து நெஞ்சின் கோடுகளை மெதுவாகப் பார்த்தார். "உங்கடை நெஞ்சு நல்லா இருக்கு. ஓடலாம். மெல்ல மெல்லக் கூட்டவேணும். நெஞ்சு நொந்தால், தலை சுத்தினால் அந்த இடத்திலை நிக்கவேணும்."

"டொக்டர்," என்றாள் மார்கிரட். "ஓட்டமோ நடையோ, எது நல்லம்? உண்மையைச் சொல்லுங்கோ."

"அது தெரியாமல்தான் அம்மா நாற்பது பிள்ளையளைக் கூப்பிட்டனாங்கள். இப்ப முப்பத்தெட்டு."

ஓட்டோவில் திரும்பிப் போய் வீட்டு வாசலில் இறங்கியதும் ஜெசிதா சொன்னாள்.

"நாளைக்குக் காலமை நான் ஓடப்போறன். அது எனக்கு விழுந்த பாடு. உங்களுக்காண்டி ஒருக்கால் விட்டுக் குடுத்தனான், அந்தச் சுபாக்கா சாகப் பாத்தா."

"நான் உன்னை..."

"நீங்கள் வீட்டிலை இருந்து பயத்திலை சாகாமல் என்னோடை வாங்கோ. வந்து நேரத்தை எண்ணுங்கோ."

"எனக்கு உந்தப் போனிலை இலக்கம் ஓடினால் கண் பிடியாது."

"அப்ப செபத்தாலை எண்ணுங்கோ. அதுக்குத்தானே உங்கடை வாய் பழகியிருக்கு."

அன்று பின்னேரம் குசினிக்குள் இருந்து சொல்லிப் பார்த்தார்கள். முதற்பாதி தாய், மறுபாதி மகள், போன் நடுவில். நாலு மங்கள வார்த்தை சொல்லி முடிய ஒரு நிமிடம். கணக்குச் சரி என்றாள் ஜெசிதா. அடுப்பில் இருந்த மீன்குழம்பு அதற்குள் வற்றிப்போனது.

விடிந்தும் விடியாத நேரம் கடற்கரை வீதியில் சனம் இல்லை. ஜெசிதா இரண்டு கீற்றுப் பாணும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டாளா என்று மார்கிரட் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் அவள் ஓம் என்றாள். தண்ணீர் வற்றிய நேரம், நீரேரிச் சேற்றில் கொக்குகள் நின்றன. தடி நட்ட பாடுகள் தூரத்தில் வரிசையாகத் தெரிந்தன.

"தொடங்குங்கோ," என்று சொல்லிவிட்டு ஜெசிதா ஓடினாள்.

அந்த அகன்ற தோள் அவளை விட்டுத் தூரப் போவதைப் பார்த்தபடி மார்கிரட் மங்கள வார்த்தையைச் சொல்லிச் சொல்லி விரல் மடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. "நில்லு!" என்று கத்தினாள்.

ஜெசிதா நின்றாள், நடந்தாள். திரும்ப ஓடினாள். திரும்பவும் "நில்லு!" மூன்றாம் தரம் அவள் நிற்கும்போதே திரும்பி வந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"அம்மா, கால் எடுத்து வைக்க முன்னம் நிக்கச் சொல்லுறியள். இது அரை நிமிசமும் வராது."

"நாலுதரம் சொன்னனான் பிள்ளை. மாதா சத்தியமா."

"மற்றப் பாதி எங்கை?"

மார்கிரட் மகளைப் பார்த்தாள்.

"என்ரை பாதி," என்றாள் ஜெசிதா. அவளுக்கு மூச்சு வாங்கியது. தகப்பனின் மூச்சு அதே மாதிரி. "நான் அங்கை ஓடிக்கொண்டிருக்கிறன். ஆர் சொல்லுறது?"

காற்றுக் கொஞ்சம் அடங்கியிருந்தது. மார்கிரட் கையில் இருந்த செபமாலையின் சிலுவையை உள்ளங்கைக்குள் நெரித்தாள்.

"நீ... சாப்பிட்டனிதானே?"

"அம்மா."

"சரி. போ."

ஜெசிதா ஓடினாள். மார்கிரட் முதற்பாதியைச் சொன்னாள். சொல்லி முடித்தாள், வாய் நின்றது. மகளின் கால் வீதியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது, தொம் தொம் என்று, தூரத் தூர. அவளுக்குப் பிறகு சொல்ல யாரும் இல்லை. எட்டு வருடமாக மூடி வைத்திருந்ததை மார்கிரட் திறந்தாள். மாதாவை விளித்துத் தொடங்கி, பாவிகளாகிய எங்களுக்காக என்று போய், இப்பொழுதும் என்று வந்து, எங்கள் மரண நேரத்திலும் என்ற இடத்தில் நாக்குப் புரளாமல் நின்று, பிறகு புரண்டது. ஆமென் வரையும் சொன்னாள். ஒரு விரலை மடித்தாள்.

மகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். மார்கிரட் இரண்டாவதைத் தொடங்கினாள், அவசரப்படாமல், முழுதாக.